காது வராத ஹாரன்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு கூம்பு ஹாரன் கவிழ்ந்து கிடக்கிறது. கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் மரத்தில் கட்டிப் பாட்டுப் போடுவார்களே, அதே மாதிரிதான். மேலே அடித்திருந்த வெள்ளிப் பெயிண்ட் உரிந்து, கழுத்துப் பக்கம் துரு ஏறிவிட்டது. திறப்பு விழாவன்று வைத்த சந்தனப் பொட்டின் கறை மட்டும் விளிம்பில் இன்னும் போகவில்லை. பழைய இரும்பு எடுப்பவர் தெருவில் கூவிக்கொண்டு வரும்போதெல்லாம் என் கணவர் மாடியைப் பார்ப்பார். “போட்டுடலாமா?” என்பார். நான் காது கேட்காதவள் மாதிரி இருந்துவிடுவேன். மழை தொடங்கும்போது முதல் சொட்டுகள் அதன் முதுகில் விழுந்து டொக் டொக்கென்று சத்தம் வரும். அதைக் கேட்டதும் கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போனை எடுத்து என் அத்தையைக் கூப்பிடுவேன்.

அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. பெரம்பலூரிலிருந்து அரும்பாவூர் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கினால் அவள் ஊர். மேற்கே பச்சைமலை தெரியும்; அதற்கு இந்தப் பக்கம் எல்லாம் பருத்தியும் மக்காச்சோளமும். பத்துப் பன்னிரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு களை வெட்டப் போவாள். யார் காட்டுக்கு என்றைக்கு ஆள் என்று பேசுவது அவள்தான். முன்னால் போகிறவளும் அவள்தான், சாயங்காலம் எல்லோரும் கரையேறிவிட்டார்களா என்று பின்னால் நின்று பார்ப்பவளும் அவள்தான். வாயென்றால் அப்படியொரு வாய். ஊர்ப் பெரிய மனிதர்கள்கூட அவள் எதிரே வந்தால் ரோட்டை மாற்றிக்கொண்டு போவார்கள். பாம்பைக் கண்டால் களைக்கொத்தால் ஒரே போடு. பேய், பிசாசு, போலீஸ், புருஷன், எதற்கும் பயந்தவளில்லை. மின்னலுக்கு மட்டும் பயம். அதுவும் சாதாரணப் பயமில்லை. உடம்பெல்லாம் உதறி, நாக்குப் புரளாமல் போகிற பயம்.

அதற்குக் காரணம் இருந்தது. அவளுக்கு ஓர் அக்கா இருந்தாளாம். எனக்குப் பெரியத்தையாக இருந்திருக்க வேண்டியவள். எங்கள் வீட்டுச் சுவரில் மங்கிப்போன ஒரு படமாகத்தான் அவளை எனக்குத் தெரியும். இரண்டு பேரும் சின்னப் பெண்களாக இருந்தபோது, மேகம் கூடிவிட்டதென்று காட்டிலிருந்து கைகோத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்திருக்கிறார்கள். வழியில் அத்தையின் காலில் முள் ஏறிவிட்டது. பிடுங்குவதற்காகக் கையை விட்டிருக்கிறாள். அக்கா நாலடி முன்னால் போனாள். “கைய விட்டேன்டி. அவ்வளவுதான். முள்ளப் புடுங்கிட்டு நிமுந்து பாக்கறேன், வெள்ளையா ஒண்ணு. அப்புறம் அவ இல்ல” என்று அத்தை சொல்லுவாள். அதற்கு மேல் எப்போதும் சொன்னதில்லை. அதனால் மலைப் பக்கம் லேசாக உறுமினால் போதும், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடுவாள். அவள் ஓடினால் அவள் ஆட்களும் ஓடுவார்கள். மழை வராமல் மேகம் கலைந்து போன நாட்களில் காட்டுக்காரர்கள் அரைநாள் கூலிதான் என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். அவளுக்கு ‘இடிக்காரி’ என்று ஒரு பட்டப்பெயரே இருந்தது. கூட வேலை செய்த பெண்களும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

நான் பெரம்பலூரில் ஒரு கல்லூரியின் எலக்ட்ரானிக்ஸ் லேபில் உதவியாளர். மீட்டர் வேலை செய்கிறதா, ஒயர் பொசுங்காமல் இருக்கிறதா என்று பார்ப்பதும், பையன்கள் உடைப்பதை ஒட்டவைப்பதும் என் பிழைப்பு. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் பழுது பார்க்கிற கடை வைத்திருந்த ஒரு பாய் எனக்குப் பழக்கம். லப்பைக்குடிக்காட்டுக்காரர்; வளைகுடாவில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். அவர் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் எலக்ட்ரானிக்ஸ் கிறுக்குப் பிடித்தவர்களெல்லாம் கூடுவார்கள். வடை, டீ, பேச்சு. அப்படி ஒருநாள் நான் அத்தையின் கதையைச் சொல்லப்போக, பாய் வடையைக் கீழே வைத்துவிட்டார். “தங்கச்சி, இதுக்கு ஒரு போட்டி வைப்போம்” என்றார். போட்டி இதுதான். மின்னல் எங்கோ தூரத்தில் வெட்டும்போதே பழைய ரேடியோவில் கரகரவென்று ஒரு சத்தம் வரும். அந்தக் கரகரப்பைக் கேட்டுப் புரிந்துகொள்கிற ஒரு பெட்டியை ஆளாளுக்கு வடிவமைத்துச் செய்ய வேண்டும். எது நன்றாகக் கேட்கிறதோ அதைக் காட்டில் ஒரு ஹாரனோடு மாட்டுவது. அது கத்தினால் வேலை செய்பவர்கள் ஓடிவிடலாம். “ஹாரன்ங்கறது வாயி. வாயி கடையில கெடைக்கும். காதுதான் நாம செய்யணும்” என்றார் பாய். அன்றிலிருந்து அந்தப் பெட்டிக்குக் காது என்றே பெயராகிவிட்டது.

நன்றாகத்தான் ஆரம்பித்தது. அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் பார்க்கிற எலக்ட்ரீஷியன் வந்தார். உடையார்பாளையத்திலிருந்து ஒரு டிவி மெக்கானிக். ஏலாக்குறிச்சியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த என்ஜினீயரிங் மாணவிகள் இரண்டு பேர். எங்கள் கல்லூரிப் பையன்கள் ஒரு கும்பல். பாய் ஸ்வீட் கடையில் காலி அட்டைப் பெட்டிகளை வாங்கிவந்து, சிப்பும் ஒயரும் போர்டும் போட்டு ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். எல்லோரும் அதைச் சீர்வரிசை மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலமே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்து விழுந்தன. எல்லாப் படத்திலும் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. பேட்டரியும் ஒயரும் இருந்தால் விளக்கை யார் வேண்டுமானாலும் மினுக்க வைக்கலாம். அதற்கும் மின்னலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருந்தாலும் எல்லோரும் எல்லோருக்கும் கைதட்டினார்கள். இப்போது யோசித்தால் அந்தக் கைதட்டல்தான் குடியைக் கெடுத்தது என்று தோன்றுகிறது. பாராட்டு முதல் நாளே வந்து சேர்ந்துவிட்டால் மீதி வேலையை யார் செய்வார்கள்.

அதைவிடப் பெரிய கூத்து நாங்கள் செய்ததுதான். காது வருவதற்கு முன்னாலேயே வாயை நட்டோம். நம் ஊரில் எதற்கும் திறப்பு விழாதானே முதலில். “ஹாரன் நின்னு கத்துச்சுன்னா காது தானா வந்துரும் தங்கச்சி. ஊரே பாக்குதுன்னா பயலுவளுக்கு ரோசம் வரும்ல” என்று பாய் கணக்குப் போட்டார். அத்தையின் ஊரில், மோட்டார் கொட்டகைக்குக் கொஞ்சம் தள்ளி, மேடான இடத்தில் ஓர் இரும்புக் கம்பத்தை நட்டு, உச்சியில் ஹாரனைக் கட்டி, இடுப்பு உயரத்தில் பேட்டரி வைக்க ஒரு தகரப் பெட்டியும் மாட்டினோம். காதை மாட்ட வேண்டிய இடத்தில் இரண்டு ஒயர் நுனிகள் தொங்கின. ரிப்பன், தேங்காய், சந்தனம், சர்க்கரைப் பொங்கல், ஒன்றுக்கும் குறைவில்லை. ஊர்த்தலைவர் ரிப்பனை வெட்டியதும் பாய் தகரப் பெட்டியின் கதவைப் பாதி சாத்திக்கொண்டு ஒயர் நுனிகளைக் கையால் சேர்த்தார். ஹாரன் போட்ட கத்தலில் சோளக்காட்டுக் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது. அத்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பாய் மைக்கைப் பிடித்து, காது இன்னும் வரவில்லை, ஒரு மாதத்தில் வந்துவிடும் என்று தெளிவாகத்தான் சொன்னார். ஆனால் அதற்குள் பொங்கல் கொடுக்கிற பக்கம் கூட்டம் நகர்ந்துவிட்டது.

அந்த ஒரு மாதம் போனது. அடுத்ததும் போனது. போட்டிக்காரர்களுக்குப் போன் போட்டு விசாரிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. ஆடி மாதத்தில் புதுசாக எதையும் தொடங்க வேண்டாமென்று அம்மா சொன்னதால் பெட்டியைப் பூஜை அறையில் வைத்திருப்பதாக ஒரு பையன் சொன்னான். ஆடி முடிந்ததும் அவனுக்குப் பரீட்சை வந்துவிட்டது. ஒருவருக்குத் தங்கச்சி கல்யாணம். ஒருவருக்குச் சிங்கப்பூர் விசா. மற்றவர்கள் எல்லோரும், சொல்லிவைத்த மாதிரி, ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: “முக்கால்வாசி முடிஞ்சிருச்சு மேடம்.” கால்வாசி என்றோ பாதி என்றோ ஒருவர்கூடச் சொன்னதில்லை. அது என்ன கணக்கோ, எப்போது கேட்டாலும் முக்கால்வாசிதான். லேபில் நான் வருஷக்கணக்கில் கேட்டுச் சலித்த வார்த்தை. அதற்கு அர்த்தம் பெட்டியையே பிரிக்கவில்லை என்பது எனக்குத் தெரியாதா. இன்னும் கிண்டிக் கேட்டால் வேறொன்று தெரிந்தது. மாணவிகள், மெக்கானிக் அண்ணன் முடித்துவிட்டாராமே என்றார்கள். மெக்கானிக், ஆலையில் இருக்கிறவர்தான் முடித்திருப்பார் என்றார். ஆலைக்காரரோ, “படிக்கிற புள்ளைங்க ரெண்டும் முடிச்சிருக்கும் மேடம். அதுங்க கெட்டி” என்றார். ஒவ்வொருவரும் இன்னொருவரை நம்பி நிம்மதியாக இருந்தார்கள். யாரும் கெட்டவர்களில்லை. இதை இன்றைக்கும் சொல்வேன்.

பாயே ஒன்றைச் செய்து பார்த்தார். அவர் செய்த காது, பக்கத்துக் காட்டில் யாராவது மோட்டாரைப் போட்டாலே இடி வந்துவிட்டதென்று கத்தியது. இப்படிக் கத்தினால் நாலாம் நாள் யாரும் மதிக்க மாட்டார்கள் என்று மூட்டைகட்டி வைத்துவிட்டார். பழுது பார்ப்பது வேறு, புதிதாக வடிவமைப்பது வேறு. எனக்கும் அது கைவரவில்லை. புரட்டாசி பிறந்தது. எங்கள் பக்கத்தில் புரட்டாசி, ஐப்பசி என்றால் மத்தியானம்வரை சுள்ளென்று வெயில் அடிக்கும். மூன்று மணிக்கு மேல் மலைப் பக்கமிருந்து கருமேகம் இறங்கும். களை வேலை மும்முரமாக இருப்பதும் அப்போதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையைப் பார்க்கப் போயிருந்தேன். காட்டிலேயே சாப்பாடு, மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்து எல்லோரோடும் சேர்ந்து சாப்பிட்டேன். பிறகு அவர்கள் பருத்தியில் இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் மேற்கே உறுமியது. நான் அத்தையைப் பார்த்தேன். வழக்கம்போல் களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடப்போகிறாள் என்று நானும் எழுந்து நின்றுவிட்டேன். அவள் நிமிர்ந்தாள். வானத்தைப் பார்க்கவில்லை. கம்பத்தின் உச்சியில் இருந்த ஹாரனைப் பார்த்தாள். ஒரு நொடிதான். மறுபடியும் குனிந்து களை வெட்ட ஆரம்பித்தாள். கூட இருந்த பெண்களும் அதேபோல ஹாரனைப் பார்த்துவிட்டுக் குனிந்தார்கள். அருகில் ஓடிப்போய், “அத்த, உறுமுதே, வா போலாம்” என்றேன். “ஹாரன் அடிக்கலயேடி. அடிச்சா ஓடிக்கலாம்” என்றாள். அதில் இன்னும் காது மாட்டவில்லை, அது சும்மா நிற்கிற கம்பம் என்று அடித்துச் சொன்னேன். “அதான் அன்னிக்கு அந்தக் கத்து கத்துச்சே. நீங்க படிச்சவங்க இன்னும் நல்லா செய்யணும்னு பாக்கறீங்க. எங்களுக்கு இது போதும்டி” என்று சிரித்தாள். அன்றைக்கு மேகம் வடக்கே ஒதுங்கிப் போய்விட்டது. அத்தை பயப்படாமல் நின்றதைப் பார்த்து நான் பயந்த மாதிரி என் வாழ்நாளில் எதற்கும் பயந்ததில்லை. இத்தனை வருஷம் ஊரெல்லாம் சிரித்த அந்தப் பயம்தான் அவளையும் அந்தப் பெண்களையும் உயிரோடு வீடு கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அதை நாங்கள் ஒரு காலிப் பெட்டியை மாட்டிப் பிடுங்கிக்கொண்டோம்.

குழுவில் நான் அன்று எழுதியது போட்டி அறிவிப்பு மாதிரி இல்லை, ஒப்பாரி மாதிரி இருந்தது. பெண்கள் ஹாரனை நம்பி நிற்கிறார்கள், யாராவது ஒருவராவது முடித்துக் கொடுங்கள் என்று கெஞ்சியிருந்தேன். கும்பிடுகிற பொம்மைகள் வரிசையாக வந்தன. முக்கால்வாசி முடிந்துவிட்டதாக இரண்டு பேர் எழுதினார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை போய்க் கம்பத்தைக் கழற்றிவிடுவோம் என்று பாயும் நானும் பேசி வைத்துக்கொண்டோம். ஆனால் மேகத்துக்கு ஞாயிறும் தெரியாது திங்களும் தெரியாது.

அந்த வாரத்தில் ஒருநாள், லேபில் பையன்களுக்கு மீட்டர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஜன்னல் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. மேகம் மலைக்கு மேலே மட்டும் இல்லை, மலையையே மறைத்திருந்தது. அத்தைக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. அவள் போன் எப்போதும் கொட்டகையில் ஒயர்கூடைக்குள், தூக்குவாளிக்குப் பக்கத்தில் இருக்கும். பாய்க்குப் போட்டேன். எடுத்தவர் ஹலோகூடச் சொல்லவில்லை. “கடைய சாத்திட்டேன். காலேஜ் கேட்டுக்கு வா தங்கச்சி, நானும் மேகத்தத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்” என்றார். அவருடைய பழைய பைக்கில் போனோம். எதிர்க்காற்று. வழியெல்லாம் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் கடை ஓரம் ஒதுங்கிக்கொண்டிருந்தார்கள். நான் போனைக் காதில் வைத்தபடியே போனேன். அடித்தது, நின்றது, மறுபடியும் போட்டேன். பாய் ஏதோ துவா ஓதிக்கொண்டே ஓட்டினார். எனக்குத் தெரிந்த சாமி எல்லாவற்றையும் நானும் கூப்பிட்டேன். செய்ய வேறொன்றும் இல்லை.

காட்டை எட்டியபோது மலைப் பக்கம் மின்னல் வெட்ட ஆரம்பித்துவிட்டது. வெட்டுக்கும் சத்தத்துக்கும் நடுவில் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. நடுக்காட்டில், மரம் மட்டை எதுவும் இல்லாத வெட்டவெளியில், சேலைக்கு மேல் சட்டை போட்ட முதுகுகள் வரிசையாகக் குனிந்திருந்தன. கத்தினேன். காற்று என் பக்கமே திருப்பிக்கொண்டு வந்து போட்டது. அவர்களிடம் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். பாய் பைக்கை அப்படியே சாய்த்துவிட்டுக் கம்பத்தைப் பார்த்து நடந்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. “பாய், வேண்டாம் பாய். இரும்பு பாய் அது” என்றேன். மேட்டில், அந்தக் காட்டிலேயே உயரமாக நின்றது அது ஒன்றுதான். அந்த நேரத்தில் யாரும் தொடக்கூடாத பொருளும் அதுதான். அவர் திரும்பிப் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. “நட்டது நான்தானே தங்கச்சி” என்றார். தகரப் பெட்டியின் கதவைத் திறந்தார். ஒயர்களைச் சேர்த்தார்.

ஹாரன் கத்தியது. குனிந்திருந்த பெண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தார்கள். களைக்கொத்துகளைப் போட்டுவிட்டுக் கொட்டகையை நோக்கி ஓடினார்கள். அத்தை கடைசியாக வந்தாள், எப்போதும்போல் தன் ஆட்களை முன்னால் விட்டுவிட்டு. பாய் அசையாமல் ஒயர்களைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசி ஆள் உள்ளே போனபிறகுதான் விட்டார். நானும் அவரும் கொட்டகைக்குள் விழுந்தடித்து நுழைந்தோம். கொஞ்ச நேரத்தில் கிழக்குப் பக்கக் காட்டில் நின்ற ஒற்றைப் பனையின் தலையில் இடி இறங்கியது. மழையிலும் அது பற்றி எரிந்தது. அத்தை என் கையைப் பிடித்தாள். நடுங்குவாள் என்று நினைத்தேன். அவள் முகம் மலர்ந்திருந்தது. “பாத்தியாடி? காது இல்ல காது இல்லன்னியே. எப்படிக் கத்துச்சு பாத்தியா” என்றாள். ஓடிவந்த அவசரத்தில் ஒருத்தியும் பாயைக் கவனித்திருக்கவில்லை. எங்களையும் மழைக்கு ஒதுங்க வந்தவர்கள் என்றே நினைத்திருந்தார்கள். பாய் மூலையில் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தார். பல் கிட்டிக்கொண்டு அவரால் பேச முடியவில்லை. என்னாலும்தான்.

எரிகிற பனையை ஒரு பெண் போனில் படம் எடுத்திருந்தாள். மறுநாள் அது ஊரெல்லாம் சுற்றியது. ஹாரன் காப்பாற்றியது என்று உள்ளூர்ப் பத்திரிகையில் நாலு வரி வந்தது. எங்கள் குழுவில் ஒரே கொண்டாட்டம். நாம் எல்லோரும் சேர்ந்து செய்த வேலை என்று மெக்கானிக் எழுதினார். சான்றிதழ் எப்போது தருவீர்கள் என்று ஒரு பையன் கேட்டான். காது வராமலேயே ஹாரன் உயிரைக் காப்பாற்றிவிட்டது. இனி எதற்குக் காது. எனக்குச் சோறு இறங்கவில்லை. முன்பு ஓரளவு நம்பியவர்கள் இப்போது கோயில்போல நம்பினார்கள். கம்பத்துக்கு மஞ்சள் துணி கட்டியிருப்பதாக அத்தையே போனில் பெருமையாகச் சொன்னாள். அடுத்த மேகம் வரும்போது பாயும் நானும் எங்கே இருப்போமோ.

அதற்கும் அடுத்த நாள் கம்பத்தைக் கழற்றப் போனோம். பெண்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். “எங்க உசுரக் காப்பாத்துனதப் புடுங்க வந்தீங்களா?” என்று ஒருத்தி களைக்கொத்தோடு நின்றாள். அன்றைக்கு ஒயரைச் சேர்த்தது பாய்தான் என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. “பொய் சொல்றடி. அந்தப் பயலுவ மேல கோவம் ஒனக்கு. அதுக்கு எங்க வயித்துல அடிக்காத” என்றாள் அத்தை. நான் வாதாடவில்லை. பாய் தகரப் பெட்டியின் கதவை அகலத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். “நீங்களே பாத்துக்கங்கம்மா” என்றார். அத்தை கிட்டே வந்தாள். உள்ளே பேட்டரி. தொங்குகிற இரண்டு ஒயர். மூலையில் ஒரு குளவிக்கூடு. அவள் கையை உள்ளே விட்டாள். பேட்டரிக்குப் பின்னால், பக்கவாட்டில், மேல் தகட்டில், பானைக்குள் கடைசி அரிசியைத் தேடுகிற மாதிரி விரலால் துழாவினாள். வெளியே எடுத்த கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். “இத நம்பியாடி நின்னேன். இத்தன புள்ளைவளையும் நிக்க வெச்சேனேடி” என்றாள். அன்றைக்கு வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அந்த வெயிலில் அவள் உடம்பு உதறியது. தோளைத் தொடப் போனேன், தட்டிவிட்டாள். களைக்கொத்தோடு நின்றவளே கம்பத்தின் அடியைத் தோண்ட ஆரம்பித்தாள்.

அதன்பிறகு அத்தை என்னோடு பேசவில்லை. தீபாவளிக்கு வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. அவள் மறுபடியும் பழையபடி ஓடுகிறாள் என்று மற்றவர்கள் மூலம் கேள்விப்பட்டேன். லேசாக உறுமினாலே போட்டதைப் போட்டபடி ஓடுகிறாளாம். இன்னும் மோசம் என்றார்கள். ராத்திரியில்கூட எழுந்து உட்கார்ந்துகொள்கிறாளாம். அவளுக்கு நாங்கள் கொடுத்தது கொஞ்ச நாள் தைரியம், அதையும் பிடுங்கிக்கொண்டோம். அது எனக்கு ஆறவே ஆறாத வருத்தம். ஆனாலும் அவள் ஓடுகிறாள் என்று கேட்கும்போது என் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கும். சித்திரையில் முதல் கோடை இடி இடித்தபோது துணிந்து போன் போட்டேன். எடுத்தாள். “எதுக்குடி போன் பண்ற? நான் வூட்டுலதான் இருக்கேன். ஒன் ஹாரனும் வேணாம், ஒன் போனும் வேணாம்” என்று வசைபாடித் தீர்த்தாள். நான் அழுதுகொண்டே கேட்டேன். அன்றிலிருந்து அவள் போனைச் சேலை மடிப்பில்தான் வைத்துக்கொள்கிறாள் என்று அவள் மருமகள் சொன்னாள்.

பாய் கடை இன்னும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் நடக்கிறது. வடையும் டீயும் உண்டு, போட்டி கிடையாது. “இனிமே காது கைக்கு வராம வாய வாங்க மாட்டேன் தங்கச்சி” என்று ஒருநாள் சொன்னார். இடி இடித்தால் கடைக்குள்ளேயே உட்புற அறைக்குப் போய்விடுகிறார். குழு கலையவில்லை. பண்டிகை வாழ்த்துகள் வருகின்றன. போன மாதம் டிவி மெக்கானிக்கிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. பெட்டியை மறுபடியும் கையில் எடுத்திருப்பதாகவும் முக்கால்வாசி முடிந்துவிட்டதாகவும் எழுதியிருந்தார். அவரைத் திட்டலாமென்று தட்டச்சு செய்ய ஆரம்பித்து, பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மேற்கே இருட்டிவிட்டது. மாடியில் டொக் டொக்கென்று சத்தம் தொடங்கியது. போனை எடுத்தேன். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. காற்றுச் சத்தமும் செருப்புச் சத்தமும் கேட்டது. “எங்க அத்த இருக்க?” என்றேன். “வந்துகிட்டுத்தான்டி இருக்கேன். ஆளுங்கள முன்னாடி வுட்டுட்டு வரேன். முக்கால்வாசி வந்துட்டேன்” என்றாள்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் விடவில்லை. போனை வைக்காதே, நடந்துகொண்டே பேசு என்றேன். பேச மூச்சில்லை என்று சொன்னாள். சரி, பேச வேண்டாம், போனை மட்டும் வைக்காதே என்றேன். ஜன்னல் வெளுத்து அணைந்தது. எங்கள் வீட்டுக்கு மேலேயா அவள் வழியிலேயா என்று தெரியவில்லை. போனுக்குள் ஒன்றும் கேட்கவில்லை. அத்தை, அத்தை என்று கூப்பிட்டேன். அப்புறம் செருப்புச் சத்தம் கேட்டது. யாரோ நாயை விரட்டும் சத்தம். வாசல் கேட் கிறீச்சிட்டது. கடைசியாகத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

“வந்துட்டேன்டி. செத்தா போயிட்டேன்? வையி போன” என்றாள்.